கீழே இருப்பவனுக்கு ஒரு சேதி

பேருந்தை விட்டு இறங்கியதும் பட்டறைக்காரர் முதலில் செய்த காரியம், துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே ஆள் நிற்பதுபோல் காற்றைப் பார்த்து, "திடீர்னு ஆயிடுச்சுடா, தகவல் சொல்ல நேரமில்ல" என்று சொல்லிப் பார்த்ததுதான். சரியாகத்தான் வந்தது. குரல் எங்கேயும் தடுமாறவில்லை. மூன்று மணி நேரப் பயணம் முழுக்க வாய்க்குள் போட்டு உருட்டிய வாக்கியம் அது. அதில் பாதி உண்மை. திடீரென்றுதான் ஆனது. நேரமில்லை என்பதுதான் கடைந்தெடுத்த பொய்.

அவர் மனைவி போய் நாலு மாதம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்தவள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள், தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்த வாசனைக்குத்தான் இவர் எழுந்து போனார். அக்கம்பக்கத்தார் வந்து கூடத்தில் கிடத்தினார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, வாய்விட்டு அழக்கூட ஆள் இல்லை. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் பீரோ மேல் இருந்த அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். 'சின்னவன்' என்று இருந்தது. பதினோரு வருடமாக இவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். காதில் வைத்தார். "அண்ணி, சாப்டாச்சா?" என்றது குரல். வாராவாரம் பேசுகிறவன் கேட்கிற மாதிரி, அத்தனை சாதாரணமாக. "அண்ணி? கேக்குதா அண்ணி?" இவர் கூடத்தைப் பார்த்தார். அண்ணி அங்கேதான் இருந்தாள். எடுப்பதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இணைப்பைத் துண்டித்தார். கைபேசியை அணைத்து, பீரோவில் அவள் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தார்.

ஏனய்யா இப்படிச் செய்தாய் என்று அவரை உட்கார வைத்துக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. முதலில் வந்தது கோபம். எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் இவனோடு பேசியிருக்கிறாளே என்கிற கோபம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பொறாமை. அவளுக்காவது ஒருத்தன் இருந்திருக்கிறான், எனக்கு யார்? அதற்கும் அடியில் பயம். வந்து, நாலு பேர் நடுவில், பழைய கதையை எடுத்தானானால்? இப்படி நின்றுகொண்டிருக்கும்போதே மணி மூன்றாகிவிட்டது. மறுநாள் சொல்லியிருக்கலாம், 'நேத்தே ஏன் சொல்லல' என்பான். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம், 'ஒரு வாரமா என்ன பண்ணினே' என்பான். நாள் ஏற ஏற வாய் அடைத்துக்கொண்டே போனது.

பழைய கதை என்றால் கல் கதை. தம்பி ரத்தினக்கல் தோண்டும் வேலைக்குப் போன எட்டாம் வருடம், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலக்கல் அவன் பங்குக்கு வந்தது. நேராக, கல்லுக்குப் பட்டை போடும் அண்ணன் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தான். கல் முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் கடுகளவு நீலப் பொட்டு. அந்தப் பொட்டைக் கல்லின் அடிநுனியில் நிறுத்திப் பட்டை போட்டால் மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கல்லே நீலமாகத் தெரியும். பட்டறைக்காரருக்கா தெரியாது? அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டினார். எடை குறையக் கூடாதே என்று இன்னொரு யோசனையும் கூடவே ஓடியதில் ஒரு மயிரிழை சாய்த்துப் பிடித்துவிட்டார். சாணைச் சக்கரம் மூன்று சுற்று சுற்றியது. பொட்டு போய்விட்டது. மிஞ்சியது வெறும் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று. தம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறந்ததிலிருந்து 'நீங்க' போட்டுப் பேசியவன், "என் கல்லு எங்க? நீ மாத்திட்ட" என்றான். கை தவறிடுச்சுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் ஊரெல்லாம் பெயர்போன கை. அது தவறியது என்று ஒத்துக்கொள்வதற்குத் திருடன் என்ற பட்டம் தேவலை என்று இருந்துவிட்டார். அப்படி ஒரு வீம்பு. தம்பி படியிறங்கிப் போனான், அப்புறம் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

இப்போது கிளம்பி வந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம் சாணையின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, அவள் கோபம் வந்தால் தன்னை என்ன சொல்லித் திட்டுவாள் என்பது மறந்துபோயிற்று. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் நிற்கிறது, வருவேனா என்கிறது. இரண்டு நாள் யோசித்தார். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது தம்பிக்குப் பதினோரு வயது, தாயில்லாப் பிள்ளை. அவள் கையால் தின்று வளர்ந்தவன். அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்தவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான் பாக்கி. அது உறைத்த நிமிடம் அந்த வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை.

தம்பி வேலை செய்யும் குழிக்குப் போகிற மண்பாதையின் இரு பக்கமும் கைவிட்ட பழைய குழிகள். மழைத்தண்ணீர் நிரம்பி, ஓரமெல்லாம் புல் மண்டிக் கிடந்தன. நாற்பது வருடமாகக் கல்லில் கை வைத்தவர், கல் வருகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. மலையைக் குடைந்து என்னவோ பிரமாதமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். வந்து பார்த்தால் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட ஒரு கொட்டகை, அதன் நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு ஓட்டை. வாய்க்கு மேலே மரத்தால் செய்த ராட்டினம், கயிறு, கூடை. பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் ஒன்று புகை கக்கிக்கொண்டு கத்தியது. குழியின் சுவர் சரியாமல் இருக்க மரச்சட்டங்களை அடுக்கடுக்காகக் கொடுத்து, இடுக்கில் இலைதழையைத் திணித்திருந்தார்கள். ஏறுவதும் இறங்குவதும் அந்தச் சட்டங்களில் கால் வைத்துத்தான்.

ராட்டினத்தைத் தனியாளாகச் சுற்றிக்கொண்டிருந்த மீசைக்காரர் இவரைப் பார்த்ததும் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். பட்டறைக்காரர் தன் தொழிலை மட்டும் சொன்னார், உறவைச் சொல்லவில்லை.

"அடேயப்பா! பட்டை போடுறவரா?" என்றார் ராட்டினக்காரர். "உங்க ஆளுங்க யாரும் குழிப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லையே. ஏ, இன்ஜினு, இங்க பாரு யாரு வந்திருக்கான்னு!"

இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தச் சத்தத்தில் இருந்து இருந்தே காது பாதி போயிருந்தது. எழுந்து வந்து, காரணம் புரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டார். ராட்டினக்காரர் அதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பட்டறைக்காரர் அதைச் சூரியனுக்கு எதிரே பிடித்து இரண்டு புரட்டு புரட்டினார்.

"படிகம். நல்ல சுத்தமான படிகம்தான். ஆனா..."

"தெரியும், தெரியும். ஏற்கெனவே எட்டுப் பேரு சொல்லியாச்சு. ஒன்பதாவது ஆளாவது மாத்திச் சொல்ல மாட்டாரான்னு பார்த்தேன்" என்று மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா தோண்டுறேன் சார். என் பொண்டாட்டி கம்மல்ல இருக்கிறது பிளாஸ்டிக்கு."

பட்டறைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு, முகம் பழக்கமில்லாத வேலை செய்வதுபோல் இழுத்தது. குழியோரம் போய் எட்டிப் பார்த்தார். நாற்பதடி ஆழம் இருக்கும். அடியில் ஒரு விளக்கு வெளிச்சம் நகர்ந்தது.

"கீழ யாரு?"

"வெள்ளிக்கிழமை."

"என்னது?"

"அவன் பேரு அதுதான் எங்களுக்கு. அது ஒரு கதை சார், சொல்றேன் இருங்க."

அப்போது இன்ஜின் ஒரு நொடி திணறி அடங்கியதில், குழிக்குள் ஒரு இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஒரு செருமல். சின்ன வயதில் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு அவன் இருமுவது அப்படித்தான். பட்டறைக்காரர் தன்னை மறந்து வாயைத் திறந்தார். பின்னாலிருந்து இன்ஜின்காரர் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கூப்பிடாதீங்க! கீழ இருக்கிறவனை மேலருந்து யாரும் கூப்பிடக் கூடாது. ஆள் வந்திருக்குன்னுகூடச் சொல்லக் கூடாது."

"சேதி எதுவும் இறக்க மாட்டோம்" என்றார் ராட்டினக்காரர். "கெட்ட சேதின்னு இல்ல, நல்ல சேதியும்தான். அந்தப் பக்கத்துக் குழியில ஒருத்தருக்குப் பொண்ணு பொறந்துச்சு. சந்தோஷத்துல மேலருந்து கத்திட்டாங்க. மனுஷன் துள்ளிக்கிட்டு ஏறினாரு. பாதியில ஒரு சட்டத்துல கால் வைக்கிறதை மறந்துட்டாரு. அதிலேருந்து எதுவா இருந்தாலும் ஆள் மேல வந்து, தண்ணி குடிச்சு, உக்காந்தப்புறம்தான். சேதி கேட்டவன் அன்னைக்கு மறுபடி இறங்கவும் கூடாது."

பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். தள்ளிப்போடுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் அவருக்கு உள்ளூர நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனால் நிம்மதி. ராட்டினத்தின் மறு கைப்பிடிக்கு உரிய ஆள் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டாராம். சும்மா நிற்பானேன் என்று இவர் போய்ப் பிடித்துக்கொண்டார். "கை பாழாயிடும் சார்" என்றார் ராட்டினக்காரர். ஆகட்டும் என்றார். கயிறு கீழே இரண்டு முறை அசைந்தால் சுற்ற வேண்டும். சுற்றினார்கள். கூடை ஆடி ஆடி மேலே வந்தது. ஈரச் சரளை, கறுப்பும் பழுப்புமாகக் கூழாங்கற்கள். இன்ஜின்காரர் அதைத் தூக்கிக் குவியலில் கொட்டினார், நாளை அலசிப் பார்ப்பார்கள். தம்பி நிரப்பி அனுப்புகிறான், தான் இழுக்கிறோம், அவனுக்குத் தெரியாது. மூன்றாவது கூடையிலேயே பட்டறைக்காரரின் உள்ளங்கையில் தோல் கிளம்பிவிட்டது. சாணையில் விரல் நுனிதான் வேலை செய்யும், உள்ளங்கைக்கு ஒரு வேலையும் கிடையாது.

"வெள்ளிக்கிழமைன்னு ஏன்னா," ராட்டினக்காரர் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தார், "வாராவாரம் வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு மேல வந்துடுவான். அந்தா தெரியுதே மேடு, அங்கதான் டவர் கிடைக்கும். ஏறி அவங்க அண்ணிக்குப் போன் போடுவான். சத்தம் இல்லாம பேசட்டும்னு இவரு அந்தப் பத்து நிமிஷம் இன்ஜினை நிறுத்திடுவாரு. மத்த நாள் வாயைத் தொறக்க மாட்டான், சோறுகூடக் கீழேயே கொண்டுவரச் சொல்லி ஒண்டியாச் சாப்பிடுவான். அன்னைக்கு மட்டும் அந்த மேட்டுல நின்னு சிரிப்பான் பாருங்க, இங்க வரைக்கும் கேக்கும்."

"இப்பவுமா?"

"நாலு மாசமா அந்தப் பக்கம் எடுக்கலையே! அணைச்சு வச்சிருக்காங்கன்னு பதிவு பண்ணின குரல் ஒண்ணு சொல்லுது. அதையே ரெண்டு மூணு தடவை கேட்டுட்டு இறங்கி வருவான். 'விட்டுத் தொலைடா'ன்னேன். 'எங்கண்ணிக்கு என் மேல என்னமோ கோவம், தணிஞ்சதும் எடுப்பாங்க'ங்கிறான். என்ன தப்பு பண்ணினோம்னு யோசிச்சு யோசிச்சு ஆளு பாதியாயிட்டான் சார். கடைசியாப் பேசினப்ப ஏதாவது ஏடாகூடமாச் சொல்லிட்டேனான்னு என்கிட்ட வந்து கேக்குறான். எனக்கு எப்படித் தெரியும்?"

பட்டறைக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டார். ராட்டினக்காரர் ஐயோ என்று முழு பாரத்தையும் தாங்கிப் பிடித்து, "என்ன சார்!" என்று கத்தினார். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார். அவன் துக்கப்படுவான், கோபப்படுவான் என்றெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தார். அவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று அவன் நாலு மாதம் நம்பிக்கொண்டிருப்பான் என்பது மட்டும் இவர் புத்தியில் தட்டவே இல்லை.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கூடை ஓய்ந்தது. இன்ஜின்காரர் போய் இன்ஜினை அணைத்தார். சட்டங்களில் கால் வைக்கிற சத்தம் மேலே மேலே வந்தது. முதலில் தலை தெரிந்தது, பாதி நரைத்திருந்தது. உடம்பெல்லாம் சேறு. வெளியே வந்து, குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவன், ராட்டினத்தின் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. பட்டறைக்காரர் அதைத் தாங்குவதற்குத் தயாராக வரவில்லை.

"அண்ணி அனுப்பினாங்களா?" என்றான். "கோவம் தணிஞ்சிருச்சா? எனக்குத் தெரியும், அவங்களால ரொம்ப நாள் தாங்க முடியாதுன்னு."

பட்டறைக்காரர் பாடம் பண்ணி வைத்திருந்ததை எடுத்தார். "திடீர்னு ஆயிடுச்சுடா" என்றார். அடுத்த பாதியைத் தேடினார். அவன் கழுத்தில் தண்ணீர் சேற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. "தகவல் சொல்ல நேரம் இருந்துச்சு" என்றார்.

தம்பிக்கு முதலில் புரியவில்லை. என்ன ஆயிடுச்சு என்று கேட்க வாயெடுத்தவன், கேட்கவில்லை. குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எப்ப?"

"நாலு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை. விடியக்காலம்."

"அன்னைக்கு நான் போன் பண்ணினேனே. யாரோ எடுத்தாங்களே."

"நான்தான் எடுத்தேன்."

"அண்ணின்னு கூப்பிட்டேனே. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு."

"அப்ப அவங்க..."

"கூடத்துல இருந்தா. மூணு மணிக்குத்தான் எடுத்தோம்."

தம்பி தலையைக் குனிந்து விரல்களை மடக்கினான். பேருந்து நேரத்தைத்தான் கணக்குப் போடுகிறான் என்று பட்டறைக்காரருக்குத் தெரிந்தது, ஏனென்றால் காலையில் அவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தார். "வந்திருப்பேன்" என்றான். "கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் சொன்னா வச்சிருப்பாங்க. வந்திருப்பேன்." அதட்டவில்லை, அழவில்லை. அடித்தால் நன்றாக இருக்கும் என்று பட்டறைக்காரர் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். வந்ததற்கு இதையும் இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"கல்லையும் நான் மாத்தலடா. சாய்ச்சுப் பிடிச்சுட்டேன். கை தவறிடுச்சு."

"தெரியும்" என்றான் தம்பி. "அந்த வாரமே அண்ணி சொல்லிட்டாங்க. நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு அவங்களும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நானும்தான்."

சொல்லிவிட்டுக் குழியைப் பார்த்து நடந்தான். விஷயம் விளங்கிய ராட்டினக்காரர் குறுக்கே போய்க் கையை விரித்தார். "டேய், வேணாம். சேதி கேட்டுட்ட. இன்னைக்கு இறங்கக் கூடாது. வா, இங்க உக்காரு." தம்பி அவர் கையை மெதுவாக ஒதுக்கினான். ஒவ்வொரு சட்டமாக, ஒன்றைக்கூடத் தவற விடாமல், கால் வைத்து இறங்கினான். மூன்று பேரும் அவன் தலை இருட்டுக்குள் போவதைப் பார்த்தார்கள். கால் தரையில் பட்ட சத்தம் கேட்டு ராட்டினக்காரர் தலையசைத்த பிறகுதான் இன்ஜின்காரர் உட்கார்ந்தார்.

தண்ணீர் ஊறிவிடும் என்று இன்ஜினை மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் கயிறு அசையவில்லை. பட்டறைக்காரரைப் போங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அவரை அண்ணன் என்று அறிந்த பிறகு ராட்டினக்காரர் அவர் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார். திரும்பிப் போனால் மாலைக்குள் வீடு. வீட்டில் போய் என்ன செய்வது? கேட்க வந்த வார்த்தையை இனி எந்த வாயால் கேட்பது? கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கயிறு அசைந்தது. சுற்றினார்கள். கூடை வந்தது. ராட்டினக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். சரளை இல்லை, ஒரு கூழாங்கல்கூட இல்லை. வெள்ளைவெளேர் என்று களிமண்.

"இதுல ஒண்ணும் இருக்காதே. கல்லு அடுக்கைத் தாண்டிட்டான். இதுக்குக் கீழ எவ்வளவு போனாலும் வெறும் மண்ணுதான், அவனுக்கே தெரியும்."

கொட்டிவிட்டுக் கூடையை இறக்கினார்கள். அடுத்ததும் களிமண். அதற்கு அடுத்ததும். ஒன்றுக்கொன்று இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இன்ஜின்காரர் தனியாக ஒதுக்கிக் கொட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு குவியல் எழும்பியது. "நிறுத்தச் சொல்லிடலாமா?" என்றார் ராட்டினக்காரர், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல்.

"தோண்டட்டும்" என்றார் பட்டறைக்காரர். "நான் இழுக்கிறேன்."

கைப்பிடியெல்லாம் ரத்தம் பிசுபிசுத்தது. அவர் விடவில்லை. இன்னொரு கூடை மேலே வந்தபோது இன்ஜின்காரருக்கு முன்னால் அவரே போய் அணைத்துத் தூக்கி, குவியலின் ஓரத்தில் மண்டியிட்டுச் சாய்த்தார். களிமண் கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடுகளவு பொட்டைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இதைப் பார்க்கச் சிரமமே இல்லை. கடப்பாரை பட்ட தடம் இல்லை, மண்வெட்டி வெட்டிய தடமும் இல்லை. அத்தனை கட்டியிலும் விரல்கள்தான் பதிந்திருந்தன, நகம் வரைக்கும் தெளிவாக.

பின்னால் கயிறு மறுபடி அசைந்தது. பட்டறைக்காரர் அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.